காற்றால் குளிரும் எஞ்சினும் சிக்கன டர்போவும்

வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் அடித்தளத்தைக் குறுக்கி, அதன்மேல் ஃபைபர்கிளாஸ் உடல் ஒன்றைப் பொருத்தி, கடற்கரை மணலிலும் பாலைவன மேடுகளிலும் ஓட்டுவதற்கென்று ஆக்கப்பட்ட டியூன் பக்கி என்னும் சிறு வாகனத்தின் பின்புறத்தில், மூடாக்கின்றி அமர்ந்திருக்கும் காற்றால் குளிரும் எஞ்சினுக்கு, வேறொரு காரிலிருந்து கழற்றிய பழைய டர்போசார்ஜரைக் குறைந்த செலவில் மாட்டி அதன் சக்தியைப் பெருக்கும் வழக்கம், பீட்டில் கார் பரவிய தேசங்கள் பலவற்றில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இவ்வழக்கத்தைப் போற்றுவோர், வீணாய் வெளியேறும் புகையைக் கொண்டே எஞ்சினுக்கு உரமூட்டும் இதைவிடச் சிக்கனமான மார்க்கம் வேறில்லை என்பர். பழிப்போர், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை எரித்துவிட இதைவிடச் சுருக்கமான மார்க்கம் வேறில்லை என்பர். இரு சாராரும் தத்தம் அநுபவத்திலிருந்தே பேசுகின்றனர். இரு சாரார் சொல்லிலும் உண்மை உண்டு. ஆகவே டர்போ நல்லதா தீயதா என்று பொதுப்படக் கேட்பதைக் காட்டிலும், இந்தக் காரியத்தில் சிக்கனம் எவ்விடத்தில் தகும், எவ்விடத்தில் தகாது என்று விசாரிப்பதே பயனுடையதாகும். விலை மலிந்த டர்போவினால் கெட்ட எஞ்சின்களைக் காட்டிலும், மலிவு காட்டத் தகாத இடத்தில் மலிவு காட்டியதனால் கெட்ட எஞ்சின்களே மிகுதி என்பது என் துணிபு.

முதலில் அந்த எஞ்சினின் இயல்பை அறிதல் வேண்டும். ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் குழுவில் பணியாற்றிய ஃப்ரான்ஸ் ரைம்ஷ்பீஸ் 1930களில் வகுத்த அந்த எஞ்சினில், நான்கு சிலிண்டர்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்த நிலையில் அமைந்தன; தண்ணீருக்கும் ரேடியேட்டருக்கும் அதில் இடமே இல்லை. சிலிண்டர்களையும் ஹெட்டையும் சூழ்ந்துள்ள ஃபின் என்னும் மெல்லிய தகட்டு வரிசைகளினூடே, பெல்ட்டினால் சுழலும் விசிறி ஒன்று செலுத்துகின்ற காற்றும், உள்ளே சுழன்றுவரும் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் ஆயிலுமே அதன் உஷ்ணத்தை வெளியே கொண்டு செல்கின்றன. தொடக்கத்தில் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த கொள்ளளவு உடையதாயிருந்த அது, 1,192, 1,285, 1,493, 1,584 கன சென்டிமீட்டர் என்று படிப்படியாக வளர்ந்து, 1970களின் தொடக்கத்தில் ஜெர்மானிய அளவையின்படி 50 குதிரைச் சக்தியைத் தந்தது. இத்தனை கொள்ளளவுக்கு இது மிக அற்பமான சக்தியே. ஆனால் அந்த அற்பம் இயலாமையால் நேர்ந்ததன்று. நீண்டு மெலிந்த உள்ளிழுப்புக் குழாயும் ஒற்றைச் சிறு கார்புரேட்டரும் எஞ்சினின் மூச்சைக் கட்டுப்படுத்தி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தியபடி நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகச் சென்றாலும் அது தன்னைத் தானே அழித்துக்கொள்ள இயலாதபடி காத்து நின்றன. 2003ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் மெக்ஸிகோவின் புவெப்லா நகரில் கடைசிக் கார் வெளிவரும் வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு மேற்பட்ட பீட்டில்கள் செய்யப்பட்டன என்றால், அந்த நீண்ட வாழ்வுக்கு இந்த அடக்கம் முக்கியமான காரணங்களுள் ஒன்று.

இந்த எஞ்சினைப் பக்கிக்குரிய எஞ்சினாக உலகறியச் செய்தவர் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் கடற்கரையைச் சேர்ந்த புரூஸ் மேயர்ஸ். படகு கட்டும் தொழிலில் ஃபைபர்கிளாஸைக் கையாண்டு பழகிய அவர், 1964இல் மேயர்ஸ் மேங்க்ஸ் என்னும் தமது முதல் பக்கியைச் செய்து முடித்தார். பின்னர், பீட்டிலின் அடித்தளத்தைச் சுமார் 36 சென்டிமீட்டர் வெட்டிக் குறுக்கி, அதன்மேல் பூட்டக்கூடிய உடலை விற்பனைக்கு வெளியிட்டார். 1967ஆம் ஆண்டு நவம்பரில் பாஹா கலிஃபோர்னியாவின் வறண்ட நிலத்தில் நடைபெற்ற முதல் மெக்ஸிகன் 1000 பந்தயத்தில், விக் வில்ஸனும் டெட் மாங்கல்ஸும் ஓட்டிச் சென்ற மேங்க்ஸ் 27 மணி 38 நிமிஷங்களில் லாபாஸ் நகரை அடைந்து வெற்றி பெற்றது. அந்த வெற்றி டர்போவினால் வந்ததன்று. வாகனத்தின் இலேசான எடையாலும், பின்சக்கரங்களின் மேல் எஞ்சினின் பாரம் படிவதனால் மணலில் கிடைக்கும் பிடிப்பாலும் வந்தது. பீட்டில் ஏறத்தாழ 800 கிலோ எடையுள்ளது. பக்கியோ பல சமயங்களில் 600 கிலோவுக்கும் கீழே நிற்பது. சக்தியைப் பெருக்க முற்படுவோர் இவ்வுண்மையை நினைவில் வைத்தல் நலம்; எடை குறைந்த வாகனத்துக்குச் சிறிதளவு சக்தி கூடினாலும் பெரும் மாறுதல் தோன்றும்; ஆகவே மிகுதியாகக் கூட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

டர்போசார்ஜரின் தத்துவம் எளியது. பெட்ரோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறிவிடுகிறது. அந்தப் புகை போகும் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்து, அதே அச்சில் மறுபுறம் பொருத்திய இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தினால், அதே சிலிண்டரில் மிகுதியான காற்றும், அதற்கேற்ற மிகுதியான பெட்ரோலும் எரியும். விறகடுப்பில் ஊதுகுழல் வைத்து ஊதுவதைப் போன்ற காரியம் இது. அடுப்பின் அளவு மாறுவதில்லை, நெருப்பு மட்டும் மூண்டெழுகிறது. ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூஹி 1905இல் உரிமை பதிவு செய்த இக்கருத்து, கப்பல்களிலும் விமானங்களிலும் பயின்ற பிறகு, 1962இல் அமெரிக்கப் பயணிகள் காருக்கு வந்தது. அவ்வாண்டு வெளிவந்த இரண்டு டர்போ கார்களுள் ஒன்றான ஷெவர்லே கோர்வேரின் எஞ்சின், பீட்டிலின் எஞ்சினைப் போலவே பின்புறத்தில் படுத்த நிலையில் அமைந்து காற்றால் குளிர்வது என்பது நம் விஷயத்துக்கு மிகவும் அணுக்கமான செய்தி. அதைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

இவ்வழக்கத்தின் குணங்களை முதலில் கூறுவதே நியாயம். அவற்றுள் தலையாயது, எஞ்சினின் சுழற்சியை உயர்த்தாமலே சக்தியை உயர்த்தலாம் என்பது. டர்போ இன்றிச் சக்தி வேண்டுவோர் வால்வுகளை நெடுநேரம் திறந்துவைக்கும் கேம் ஷாஃப்ட்டையும் இரட்டைக் கார்புரேட்டர்களையும் பொருத்தி, எஞ்சினை நிமிஷத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல் ஓட்டித்தான் அச்சக்தியைக் கறக்க இயலும். சுழலும் வேகம் கூடக் கூட, மேலும் கீழும் பாயும் பிஸ்டனும் அதைத் தாங்கும் தண்டும் அநுபவிக்கும் விசை அவ்வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. சுற்று ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்காகும். டர்போ பொருத்திய எஞ்சினோ, பழைய கேம் ஷாஃப்ட்டுடனும் பழைய வால்வு ஸ்பிரிங்குகளுடனும் 4,500 சுற்றுக்குள்ளேயே நின்று, நடு வேகத்தில் நிறைந்த இழுவிசையைத் தருகிறது. மணலில் வேண்டுவதும் இதுவே. சக்கரம் பாதி புதைந்து, சரிவில் ஏறுகின்ற வேளையில், கியரை மாற்றக் கையெடுத்தால் வண்டி நின்றுவிடும். அவ்வேளையில் கீழ்ச்சுற்றிலிருந்தே இழுக்கின்ற எஞ்சின், உச்சச்சுற்றில் மட்டும் உறுமுகின்ற எஞ்சினைவிடப் பன்மடங்கு உத்தமமானது.

இரண்டாவது குணம், வேண்டும்போது மட்டும் அது வேலை செய்வது. சாலையில் நிதானமாகச் செல்லும்போது புகையின் வேகம் போதாமையால் டர்போ ஏறக்குறைய உறங்கிக் கிடக்கிறது. எஞ்சின் தன் பழைய சாந்த சுபாவத்தோடும் பழைய பெட்ரோல் செலவோடும் ஓடுகிறது. மேலும், மலைமேல் காற்று மெலிந்து பிற எஞ்சின்கள் சோர்கின்ற உயரத்தில், டர்போ உள்ள எஞ்சின் அந்த நஷ்டத்தின் பெரும்பகுதியை ஈடுசெய்துகொள்ளும். மூன்றாவது குணம் பொருளாதாரம் பற்றியது. வால்வோ, ஸாப், சுபாரு, க்ரைஸ்லர் முதலிய நிறுவனங்கள் லட்சக்கணக்கில் டர்போ கார்களைச் செய்து விற்றமையால், அவை முதுமையுற்றுக் காயலான் கடைக்கு வரும்போது, ஒன்றரை லிட்டர் முதல் இரண்டரை லிட்டர் வரையுள்ள எஞ்சின்களுக்கென்றே திறம்படச் செய்யப்பட்ட டர்போசார்ஜர்கள் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன. புதிதாக ஒருவர் செய்யப் புகுந்தால் பெரும் பொருள் செலவாகக்கூடிய ஒரு நுட்பமான யந்திரம் பழம்பொருள் விலைக்குக் கிடைப்பதைப் பயன்படுத்திக் கொள்வதில் யாதொரு இழிவும் இல்லை. அச்சு ஆடாமலும், சக்கரங்களின் இறகுகள் முறியாமலும் இருக்கின்றனவா என்று கையால் சோதித்து வாங்கத் தெரிந்தவனுக்கு அது மெய்யான சிக்கனமே.

இனிக் குறைகளைப் பார்ப்போம். இலவசமாகச் சக்தி கிடைக்கிறது என்னும் பேச்சு கணக்குக்கு முன்னால் நிற்பதில்லை. வெளிக்காற்று 30 பாகை வெப்பத்தில் இருக்கும்போது, டர்போ அதை அரை பார் அழுத்தம் கூட்டி, அதாவது ஒன்றரை மடங்காக அமுக்கித் தருவதாகக் கொள்வோம். அமுக்கப்படும் காற்று சூடேறும் என்பது இயற்கை நியதி. நஷ்டமே இல்லாத இலட்சிய யந்திரத்தில்கூட அது 67 பாகையாகும். நூற்றுக்கு எழுபது திறனுள்ள நடைமுறை டர்போவில் ஏறக்குறைய 83 பாகையாகும். சூடான காற்று விரிந்து மெலிவதால், அழுத்தம் நூற்றுக்கு 50 கூடினாலும் அடர்த்தி நூற்றுக்கு 28 அளவே கூடுகிறது. 50 குதிரைச் சக்தி இந்த அடர்த்திக் கணக்கின்படி 64 ஆகும். புகைவழியில் டர்போ உண்டாக்கும் எதிர் அழுத்தம் அதிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும். காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஒன்றை இடையில் வைத்து அதை 45 பாகைக்கு இறக்கினால் அடர்த்தி நூற்றுக்கு 43 கூடும். சிக்கனம் கருதுவோர் முதலில் விட்டுவிடுவது இந்த இன்டர்கூலரையே என்பது வருந்தத்தக்கது.

இதைவிட ஆழ்ந்த குறை, குளிர்விப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. பீட்டில் எஞ்சினின் விசிறி, எஞ்சினின் சுற்றுக்கு ஏற்பச் சுழல்வதேயன்றி, எஞ்சின் சுமக்கும் பாரத்தை அறிந்து சுழல்வதன்று. 3,500 சுற்றில் டர்போ இன்றி ஓடும்போது எவ்வளவு காற்றை அனுப்புகின்றதோ, அதே சுற்றில் டர்போவோடு மிகுதியான பெட்ரோலை எரிக்கும்போதும் அவ்வளவு காற்றையே அனுப்பும். சுற்றை உயர்த்தாமல் சக்தியை உயர்த்துவது என்னும் தலையாய குணமே இங்கே தலையாய தோஷமாக மாறுகிறது. காற்றின் அளவு மாறாதிருக்கையில் மிகுதியான உஷ்ணம் வெளியேற வேண்டுமாயின், ஹெட்டுக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள வெப்ப வித்தியாசம் கூடியே தீர வேண்டும். 35 பாகைக் காற்றில் 180 பாகையில் நிற்கும் ஹெட்டுக்கு உஷ்ண வரவு ஐந்தில் ஒரு பங்கு கூடினால், 145 பாகையாயிருந்த வித்தியாசம் 174 ஆகி, ஹெட்டின் வெப்பம் 209 பாகையைத் தொடும். 200 பாகையைத் தாண்டி நெடுநேரம் நிற்கின்ற அலுமினியம் தன் வலிமையை விரைந்து இழக்கும் என்பது உலோக சாஸ்திரத்தின் பால பாடம். ஸ்பார்க் பிளக்கின் இழைகள் பிடுங்கிக்கொள்வதும், வால்வு அமரும் வளையங்கள் தளர்வதும், எக்ஸாஸ்ட் வால்வின் தலை முறிந்து பிஸ்டனைத் துளைப்பதும் இதன் விளைவுகள். 1971க்கு முற்பட்ட எஞ்சின்களில் ஆயில் கூலர் விசிறிக் கூண்டுக்குள்ளேயே மூன்றாம் சிலிண்டரின் காற்றை மறைத்து நின்றமையால், டர்போ இல்லாத காலத்திலேயே அந்தச் சிலிண்டர்தான் முதலில் கெடும் என்று மெக்கானிக்குகள் அறிந்திருந்தனர். பக்கியில் அழகுக்காக எஞ்சினைச் சுற்றியுள்ள தகட்டு மறைப்புகளைக் கழற்றிவிடுவோர், கீழே இறங்கிய சூடான காற்றே மீண்டும் விசிறிக்குள் புகும்படி வழி திறந்து வைக்கின்றனர். அருகிலேயே செக்கச் சிவந்து நிற்கும் டர்போவும் தன் பங்குக்கு வெம்மையைச் சொரிகிறது.

பயன்படுத்தும் இடத்தைப் பொறுத்து இக்குறையின் கடுமை மாறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தார்ச்சாலையில் 600 கிலோ வாகனம் சில விநாடிகளுக்குள் வேண்டிய வேகத்தை அடைந்துவிடுவதால், டர்போவின் முழு அழுத்தம் நீடிப்பதில்லை. உலோகத்தின் கனமே அந்தச் சிறு பொழுதின் உஷ்ணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மெல்ல வெளியிடும். ஆனால் ஆழ்ந்த மணலில் வாகனம் மெதுவாகவும் எஞ்சின் முழுப் பாரத்தோடும் நிமிஷக்கணக்கில் இயங்குகிறது. அங்கே இளைப்பாற இடமில்லை. பக்கி என்பது மணலுக்கென்றே பிறந்த வாகனமாதலால், எவ்விடத்தில் டர்போவின் இழுவிசை மிகவும் வேண்டப்படுகிறதோ அவ்விடத்திலேயே அதன் அபாயமும் உச்சத்தில் நிற்கிறது.

நாக்கிங் என்று மெக்கானிக்குகள் சொல்லும் கோளாறு இதனோடு சேர்ந்து வருவது. ஸ்பார்க்கினால் பற்றிய தீ அமைதியாகப் பரவி முடிவதற்குள், மூலையில் எஞ்சியுள்ள கலவை அழுத்தத்தாலும் உஷ்ணத்தாலும் தானாகவே வெடித்து, சம்மட்டியால் அடித்தாற்போலப் பிஸ்டனைத் தாக்குகிறது. சூடான காற்று, உயர்ந்த அழுத்தம், சூடான ஹெட் ஆகிய மூன்றும் அதை அழைப்பவை. டர்போ மூன்றையும் ஒருங்கே தருகிறது. தண்ணீரால் குளிரும் காரில் இந்த ஓசையை ஓரளவு காதால் கேட்டு எச்சரிக்கை கொள்ளலாம். விசிறியின் இரைச்சலும் வால்வுகளின் கலகலப்பும் திறந்த புகைக்குழாயின் முழக்கமும் கூடிய பக்கியில், பிஸ்டன் உடைந்த பிறகுதான் செய்தி தெரியவரும். இதைத் தவிர்க்க, அமுக்க விகிதத்தை ஏழு அல்லது ஏழரைக்கு ஒன்று என்ற அளவில் வைத்தலும், டர்போவின் அழுத்தம் ஏற ஏற ஸ்பார்க் விழும் தருணத்தைப் பின்தள்ளுதலும், கலவையில் பெட்ரோலை மிகுத்தலும் வேண்டும். பக்கி உரிமையாளர்களின் பேரபிமானத்துக்குரிய பாஷ் 009 டிஸ்ட்ரிபியூட்டரோ, சுற்று கூடக் கூட ஸ்பார்க்கை முன்தள்ள மட்டுமே அறிந்தது. அழுத்தத்தை அது அறியாது. அதை அப்படியே வைத்துக்கொண்டு டர்போ மாட்டுவது, எஞ்சினுக்குக் கெடு வைப்பதற்குச் சமம்.

பெட்ரோல் புகும் வழியிலும் சிக்கனம் இருவகைச் சோதனைகளை உண்டாக்குகிறது. கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னால் வைத்து, கலவையை டர்போவினூடே இழுப்பது ஒரு முறை. இது எளிது, கார்புரேட்டருக்கு எவ்வித மாறுதலும் வேண்டா. ஆனால் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் உண்டாகும் வெற்றிடம் டர்போவின் அச்சு வழியே ஆயிலை உறிஞ்சிவிடுமாதலால், அதற்கென்று கார்பன் சீல் உடைய டர்போவே வேண்டும். பிற்காலக் கார்களிலிருந்து கழற்றி வருபவற்றில் பெரும்பாலும் அது இராது. எரியும் கலவையே அவ்வழியில் செல்வதால் இன்டர்கூலர் வைப்பதும் அபாயம். கார்புரேட்டரை டர்போவுக்குப் பின்னால் வைத்து, அமுக்கிய காற்றை அதனுள் ஊதுவது மற்றொரு முறை. இதில் இன்டர்கூலர் வைக்கலாம். ஆயினும் கார்புரேட்டருக்குள்ளேயே அரை பார் அழுத்தம் நிற்கும்போது, ஏறத்தாழ கால் பார் அழுத்தத்தில் மட்டும் பெட்ரோலைத் தள்ளவல்ல பழைய பம்ப் அதனுள் ஒரு துளியையும் செலுத்த இயலாது. பம்பின் அழுத்தம் டர்போவின் அழுத்தத்தோடு கூடவே ஏறும்படி செய்யாவிட்டால், மிகுதியான பெட்ரோல் வேண்டும் தருணத்தில் பெட்ரோல் குன்றி, கலவை மெலிந்து, சிலிண்டருக்குள் உஷ்ணம் சிகரமேறும். மின்னணுக் கட்டுப்பாட்டோடு கூடிய எரிபொருள் இன்ஜெக்ஷன் இவ்விரண்டு சிக்கல்களையும் தீர்க்கும். புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்னும் இருவர் 2001இல் வெளியிட்ட மெகாஸ்குவர்ட் என்னும், வீட்டிலேயே பூட்டிக்கொள்ளக்கூடிய கட்டுப்பாட்டுப் பெட்டி, பெட்ரோலின் அளவையும், பிற்பட்ட அமைப்புகளில் ஸ்பார்க்கின் தருணத்தையும் அழுத்தத்துக்கு ஏற்ப ஆளும் வல்லமையை எளியவரின் கைக்கும் எட்டச் செய்தது. இத்துறையில் சிக்கனத்துக்கு உண்மையாகவே துணைசெய்த முன்னேற்றம் இது என்று தயங்காமல் கூறலாம்.

ஆயில் விஷயம் பலராலும் கடைசியாக நினைக்கப்படுவது, முதலாவதாக நினைக்கத்தக்கது. இரண்டரை லிட்டர் ஆயிலும், வடிகட்டிக்குப் பதிலாக ஒரு கம்பி வலையுமே உடைய இவ்வெஞ்சினில், நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய டர்போவின் அச்சும் அதே ஆயிலை நம்பி வாழ வேண்டும். டர்போவிலிருந்து இறங்கும் ஆயில் நுரைத்து வருவதால், அகன்ற குழாய் வழியே தன் எடையினாலேயே கீழிறங்குமாறு டர்போவை உயர்த்தி வைக்க வேண்டும். இட வசதிக்காகத் தாழ்த்தி வைத்தால் ஆயிலை மேலேற்றத் தனியொரு பம்ப் தேவை. மேலும், காயலான் கடையில் கிடைக்கும் பிற்கால டர்போக்கள் பலவற்றின் நடுப்பகுதியில் தண்ணீர் ஓடுவதற்கு வழி அமைந்திருக்கும். தண்ணீரே இல்லாத நம் எஞ்சினில் அவ்வழி வெறுமையாய்க் கிடக்க, எஞ்சினை நிறுத்தியதும் அச்சைச் சுற்றியுள்ள ஆயில் கருகிக் கரியாகப் படிகிறது. முழு ஆயிலையும் வடிகட்டும் ஃபில்டர், வெளியே பொருத்திய ஆயில் கூலர், எஞ்சினை நிறுத்துமுன் சிறிது நேரம் மெதுவாக ஓடவிடும் ஒழுக்கம் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் டர்போவின் ஆயுள் குறுகியதே.

பட்டறையைத் திறக்காமலே சக்தி பெறலாம் என்னும் ஆசையும் ஆராயத்தக்கது. கொள்ளளவைக் கூட்ட எண்ணினால் எஞ்சினைப் பிரித்து, கேஸை விரிவுபடுத்த வேண்டும்; டர்போவுக்கு அது வேண்டியதில்லை என்பதனால்தான் பலர் இதை நாடுகின்றனர். ஆனால் மெக்னீஷியக் கலப்பு உலோகத்தாலான கேஸில் பதிந்துள்ள ஹெட் போல்ட்டுகள் பல ஆண்டு உஷ்ணத்தில் இழை தளர்ந்திருக்கும். ஹெட்டும் சிலிண்டரும் உலோகத்தோடு உலோகமாகவே அமர்ந்து நிற்பதால், டர்போவின் அழுத்தத்தில் போல்ட் சிறிது நெகிழ்ந்தாலும் அவ்விடைவெளியில் தீ கசிந்து உலோகத்தை அரித்துவிடும். ஆகவே போல்ட்டுத் துளைகளில் எஃகு இழைக் கூடுகளைப் பதித்து, தேய்ந்த பேரிங்குகளை மாற்றி, எஞ்சினைச் செப்பம் செய்த பிறகே டர்போ மாட்டுவது முறை. அப்படிச் செய்யும்போது, பட்டறைச் செலவு மிச்சம் என்ற வாதம் பாதி மறைந்துவிடுகிறது.

பெருஞ்செல்வமும் பேரறிவும் உடையவர்கள் இதே காரியத்தை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பது நம் தீர்ப்புக்குத் துணையாகும். 1962இல் வெளிவந்த கோர்வேர் மோன்ஸா ஸ்பைடர் என்னும் டர்போ வகை, 2.4 லிட்டர் எஞ்சினிலிருந்து 150 குதிரைச் சக்தி தந்தது. டர்போ இல்லாத அதே அளவு எஞ்சின் அப்போது 102 வரைதான் தந்தது. அதில் டர்போவின் அழுத்தத்தை அடக்கும் வேஸ்ட்கேட் என்னும் வால்வுகூட இல்லை. புகைக்குழாயின் தடையே போதும் என்று விட்டுவிட்டனர். கார்புரேட்டரும் எளிய முறைப்படி டர்போவுக்கு முன்னால் நின்ற ஒற்றைக் கார்புரேட்டர்தான். இத்தனை சிக்கனம் காட்டியவர்கள் எவற்றில் சிக்கனம் காட்டவில்லை என்பதை நோக்குக. அமுக்க விகிதத்தை 8க்கு ஒன்றாகத் தாழ்த்தினர். உயர் வெப்பம் தாங்கும் கலப்பு உலோகத்தால் எக்ஸாஸ்ட் வால்வுகளைச் செய்தனர். டர்போவின் அழுத்தம் ஏறும்போது ஸ்பார்க்கைப் பின்தள்ளும் டிஸ்ட்ரிபியூட்டரை வைத்தனர். ஓட்டுபவரின் கண்முன்னே ஹெட்டின் வெப்பத்தைக் காட்டும் மீட்டரையும் உள்ளிழுப்பு அழுத்தத்தைக் காட்டும் மீட்டரையும் பொருத்தினர். போர்ஷே நிறுவனமும் 1974இல் காட்சிக்கு வைத்த 911 டர்போவில் அமுக்க விகிதத்தை 6.5க்கு ஒன்றாகத் தாழ்த்தி, 3 லிட்டரில் 260 குதிரைச் சக்தி பெற்றது. 1978இல் கொள்ளளவை 3.3 லிட்டராக்கி, இன்டர்கூலரையும் சேர்த்து 300க்கு உயர்த்தியது. அதே நிறுவனம் 1980களில் 959 என்னும் காரில் 450 குதிரைச் சக்தியை நாடியபோது, சிலிண்டர்களைக் காற்றிடமே விட்டுவிட்டு, ஹெட்டுகளுக்கு மட்டும் தண்ணீரைக் கொண்டுவந்தது. காற்றால் குளிரும் டர்போ எஞ்சினை அதிகம் அறிந்தவர்களே அதன் எல்லை ஹெட்டில் இருக்கிறது என்று செயலால் ஒப்புக்கொண்டதற்கு இதைவிடப் பிரத்தியட்ச சாட்சி வேண்டுவதில்லை.

டர்போவுக்கு மாற்றான வழிகளோடும் இதை ஒப்பிட்டுப் பார்த்தல் முறை. 85.5 மில்லிமீட்டர் சிலிண்டர்களுக்குப் பதிலாக 90.5 மில்லிமீட்டர் சிலிண்டர்களை வைத்து 1,776 கன சென்டிமீட்டராகவும், 94 மில்லிமீட்டர் வைத்து 1,915 ஆகவும் கொள்ளளவைப் பெருக்குவது பழைய மார்க்கம். சக்தி கூடினால் உஷ்ணமும் கூடும் என்னும் நியதி அங்கும் உண்டு. ஆயினும் உள்ளே செல்லும் காற்று முன்கூட்டியே சூடாவதில்லை, புகைவழியில் தடையில்லை, ஆயிலுக்குப் புதிய சுமையில்லை. தவறு செய்தவரை அது எளிதில் மன்னிக்கும், டர்போ மன்னிப்பதில்லை. ஆகவே, கருவிகளைப் பார்த்து வண்டியோட்டும் பழக்கமும் பொறுமையும் இல்லாதவருக்கு 1,776ஏ உசிதமானது என்பேன். 100 குதிரைச் சக்திக்கு வெகுவாக மேற்பட்டு, அதையும் மணலில் இடைவிடாமல் வேண்டுவோருக்கு, தண்ணீரால் குளிரும் சுபாரு எஞ்சினைப் பொருத்திக்கொள்வதே முடிவில் மலிவாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்திலேயே சிக்கன டர்போவுக்கு நியாயமான இடம் உண்டு: செப்பம் செய்த 1,584 எஞ்சின், தாழ்ந்த அமுக்க விகிதம், கால் பாரிலிருந்து அரை பாருக்குள் அடங்கிய அழுத்தம், ஏறத்தாழ 70 குதிரைச் சக்தியோடு திருப்தியடையும் மனம் என்ற நான்கும் கூடிய இடம் அது.

அந்த இடத்தில் நிற்பவர் தம் பணத்தை எப்படிப் பங்கிட வேண்டும் என்பதற்கு மேற்சொன்ன விசாரணையே விடை தருகிறது. டர்போவைப் பழம்பொருளாக வாங்கலாம்; இன்டர்கூலரையும் அவ்வாறே வாங்கலாம்; புகைக்குழாயைச் சாதாரண இரும்புக் குழாயால் தம் கையாலேயே பற்றவைத்துக் கொள்ளலாம்; பொலிவுக்காக ஒரு காசும் செலவிட வேண்டா. ஆனால் ஸ்பார்க் பிளக்கின் அடியில் பொருத்தி ஹெட்டின் வெப்பத்தைக் காட்டும் மீட்டர், புகையிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு கலவையின் அளவைக் காட்டும் மீட்டர், டர்போவின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர், ஆயிலின் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் ஆகிய நான்கையும் டர்போவுக்கு முன்னரே வாங்கிப் பொருத்தி, டர்போ இல்லாத நிலையில் எஞ்சினின் இயல்பான அளவுகளைச் சில வாரம் குறித்துவைத்துப் பழக வேண்டும். அழுத்தத்துக்கு ஏற்ப நடக்கும் ஸ்பார்க்கும் பெட்ரோலும், நல்ல ஃபில்டரும், உறுதியான போல்ட்டுகளும் அதன் பின் வர வேண்டியவை. டர்போ எல்லாவற்றுக்கும் கடைசியாக வர வேண்டியது. நடைமுறையில் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, டர்போவை முதலில் வாங்கிவிட்டு, எஞ்சிய பணத்தில் எஞ்சியதைச் செய்யப் பார்க்கின்றனர். வழக்கம் பெற்ற கெட்ட பெயருக்கு இந்த வரிசை மயக்கமே மூலகாரணம்.

ஆதலால், இவ்வழக்கத்தை முழுதும் தள்ளுவோரோடும் நான் உடன்படவில்லை. முழுதும் கொள்வோரோடும் உடன்படவில்லை. எளிய பொருளைக் கொண்டு, தம் கைத்திறனாலும் அறிவாலும் ஒரு பழைய எஞ்சினுக்குப் புதிய ஆற்றலைத் தேடித் தரும் முயற்சி மதிப்புக்குரியது. தொழில் நிறுவனங்கள் தரும் பொருளை வாங்கி ஓட்டுவதோடு நில்லாமல், யந்திரத்தின் தத்துவத்தைத் தாமே கற்றுக்கொள்ளும் கல்வியும் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்தக் கல்வி அளவு கருவிகளின்றிக் கைகூடாது. பணம் குறைந்தவன் உடைந்த எஞ்சினை மாற்ற இயலாதவன். ஆகவே உஷ்ணத்தையும் கலவையையும் கண்ணால் கண்டு ஓட்ட வேண்டிய அவசியம், செல்வனைக் காட்டிலும் அவனுக்கே அதிகம். ஹெட்டின் வெப்பத்தை அறிய மீட்டர் வாங்கப் பணமில்லை என்பவர், டர்போ வாங்கவும் பணமில்லை என்று முடிவு செய்துகொள்வதே விவேகம்.